பயிற்சி ஆசிரியர் தனியாக வகுப்பெடுக்க: தொடக்கப் பள்ளிக்கான முழுமையான வழிகாட்டி

டீச்சர் டிரெயினிங் படிக்கிறவர்களுக்குப் பயிற்சிப் பள்ளியில் வகுப்பு கைமீறிப் போவது பெரும்பாலும் பாடம் தெரியாததால் நடப்பதில்லை. பாடக்குறிப்பில் ‘ஆசிரியர் விளக்குவார்’ என்று எழுதிய வரிக்கு எதிரே, அந்த நேரத்தில் 28 பிள்ளைகளின் கைகள் என்ன செய்துகொண்டிருக்கும் என்று எழுதாமல் விடுவதால்தான் நடக்கிறது. கை சும்மா இருந்தால் பக்கத்துப் பையனின் பென்சில் பாக்ஸைத் தேடிப் போகும். ஏழு வயதுக்கு அது இயல்பு.

கீழே உள்ளது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியிலும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுக்கப்போகும் பயிற்சி ஆசிரியருக்கானது. தனியார் பள்ளியில் வேறுபடும் இடங்கள் உண்டு. ஆனால் பிள்ளைகள் எங்கும் பிள்ளைகள்தான்.

முதல் வாரம்: பார்ப்பதற்கு மட்டும்

பள்ளிக்குப் போனதும் பாடம் எடுக்கத் துடிக்க வேண்டாம். முதல் வாரம் பின்வரிசையில், பாயிலோ பெஞ்சிலோ உட்கார்ந்து பாருங்கள். ‘நன்றாக நடத்தினார்’ என்று கவனிப்புப் பதிவேட்டில் எழுதுவது யாருக்கும் உதவாது. எழுத வேண்டியவை வேறு. வகுப்பாசிரியர் பிள்ளைகளை அமைதியாக்க என்ன செய்கிறார்: கைதட்டுகிறாரா, பாட்டு தொடங்குகிறாரா, பெயர் சொல்கிறாரா? தண்ணீர் குடிக்க, சிறுநீர் கழிக்க விடும் வழக்கம் என்ன? நோட்டு எங்கே அடுக்கி வைக்கப்படுகிறது, யார் எடுத்துக் கொடுப்பார்கள்? இந்தச் சின்ன வழக்கங்கள்தான் வகுப்பைத் தாங்கி நிற்கின்றன. அவற்றை அப்படியே தொடருங்கள். வந்த இரண்டாம் நாளே உட்காரும் இடத்தை மாற்றுவது பலர் செய்வது, செய்யக் கூடாதது.

இருக்கை வரைபடம் ஒன்று போடுங்கள். ஏ4 தாளில் வகுப்பறையை வரைந்து ஒவ்வோர் இடத்திலும் பெயர். மூன்று நாளில் எல்லாப் பெயரும் மனப்பாடமாக வேண்டும். ‘ஏய் நீல ரிப்பன்’ என்று கூப்பிடுகிற ஆசிரியருக்குக் கட்டளையிடும் உரிமையைப் பிள்ளைகள் தருவதில்லை. பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். வீட்டுப் பெயரோ பட்டப்பெயரோ வேண்டாம். உதவித்தொகைப் பட்டியலைப் படித்து ‘இந்தப் பசங்க மட்டும் எழுந்திருங்க’ என்று சொல்லும் வேலையை யாராவது உங்களிடம் தந்தால், பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தனியே அழைத்து முடியுங்கள். வகுப்பு நடுவில் சாதி சொல்லி எழுப்பப்பட்ட பிள்ளை அன்று முழுக்கப் பாடம் கேட்பதில்லை.

வகுப்பாசிரியரிடம் தனியே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை: வலிப்பு, மூச்சிழுப்பு உள்ள பிள்ளைகள் யார், கண்ணாடி போட வேண்டியும் போடாமல் வருவது யார், மாலையில் யார் வந்தால் மட்டும் அனுப்ப வேண்டும், சிறப்புப் பயிற்றுநர் பார்க்கும் பிள்ளை யார், எந்த நாள் வருவார். இதைக் கேட்காமல் தனியாக வகுப்பை ஏற்காதீர்கள்.

சிற்றூர்ப் பள்ளிகள் பல ஈராசிரியர் பள்ளிகள். ஒருவர் ஒன்று முதல் மூன்று வரையும், மற்றவர் நான்கு, ஐந்தையும் சேர்த்துப் பார்ப்பார். ஆகவே ‘மூன்றாம் வகுப்புக்கு மட்டும்’ பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு போனால், முதல் வகுப்பு உங்கள் முதுகுக்குப் பின்னால் மைதானம் போய்விடும்.

யார் எங்கே நிற்கிறார்கள் என்று அறிவது

அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்கத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைக்கிறார்கள். நிலை வகுப்போடு ஒட்டிப் போக வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்பில் அரும்பு நிலைப் பிள்ளையும் உண்டு. பள்ளியில் ஏற்கெனவே பட்டியல் இருக்கும். இருந்தாலும் நீங்களே ஒரு முறை வாசிக்க வைத்துப் பாருங்கள். ‘மொட்டு’ என்ற சொல், அந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுக்கி விழுகிறான் என்று சொல்லாது.

செய்முறை இது. ஓர் அட்டையில் பத்து எழுத்துகள், அடுத்ததில் பன்னிரண்டு சொற்கள், மூன்றாவதில் நான்கு வரிப் பத்தி. சொற்களைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்: மரம், படம் போன்று குறியில்லாதவை மூன்று, பட்டம், தச்சன் போன்று ஒற்று இரட்டிப்பவை இரண்டு, கிளி, மீன், பூனை, சேவல், கொடி, தோடு, குருவி என்று உயிர்மெய்க் குறிகள் வருபவை ஏழு. ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். நாளுக்கு ஐந்தாறு பேர் என்றால் ஒரு வாரத்தில் வகுப்பு முடிந்துவிடும். வராண்டாவிலோ மூலையிலோ, மற்றவர் காதில் விழாத இடத்தில், பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் தேர்வாகிவிடும். ஐந்து விநாடி தடுமாறினால் ‘சரி, அடுத்தது’ என்று நகருங்கள். சொல்லிக் கொடுக்க வேண்டாம், திருத்தவும் வேண்டாம். சரி, தவறு என்று குறிக்காமல் பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுங்கள்.

ஏன் என்றால், ‘கொடி’ என்ற சொல்லை ஒரு பிள்ளை ‘கெரடி’ என்று வாசிக்கும். தவறு என்று சுழித்தால் விஷயம் போய்விடும். அந்தப் பிள்ளைக்குக் ‘கெ’ தெரிந்திருக்கிறது, ‘டி’ தெரிந்திருக்கிறது. பின்னால் வரும் துணைக்காலை ‘ர’ என்று பார்க்கிறான். ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் ஓர் எழுத்தை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நிற்கும் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியவில்லை. ஒகர, ஓகார வரிசைக்கு மூன்று நாள் பயிற்சி போதும். அரிச்சுவடியின் தொடக்கத்திலிருந்து மறுபடி கொண்டுபோக வேண்டியதில்லை. ‘சேவல்’ என்பதைச் ‘செவல்’ என்று வாசிப்பவன் வேறு: கொம்பின் மேல்சுழியைக் கண் தவறவிடுகிறது. ‘தோடு’ என்பதைத் ‘தொடு’ என்பதும் அதே கோளாறு. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘செடி – சேவல், தொடு – தோடு’ என்று ஒலியை நீட்டியும் குறுக்கியும் சொல்ல வைக்க வேண்டும். ‘பட்டம்’ என்பதைப் ‘படடம்’ என்பவனுக்குப் புள்ளி கண்ணில் படவில்லை. ல, ள, ழ குழப்பத்தை மட்டும் இந்தச் சோதனையில் பெரிதாக எடுக்காதீர்கள். அது வாசிப்புக் குறையைவிட வீட்டுப் பேச்சின் தடமாகவே பெரும்பாலும் இருக்கும், எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பாடக்குறிப்பு: கூடுதலாக ஒரு கட்டம்

உங்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் கேட்கும் வடிவத்தில்தான் பாடக்குறிப்பு எழுத வேண்டும்: கற்றல் விளைவு, துணைக்கருவி, அறிமுகம் முதல் தொடர்பணி வரை. அதில் கை வைக்க முடியாது. வலப்பக்கம் ஒரு கட்டம் கூடுதலாக இழுத்து, ‘பிள்ளைகள் கையில் என்ன?’ என்று தலைப்பிடுங்கள். ஒவ்வொரு படிக்கும் அந்தக் கட்டம் நிரம்ப வேண்டும். ‘கவனிப்பர்’ என்று இரண்டு முறைக்கு மேல் வந்தால் அந்தப் பாடம் ஓடாது.

ஒரு பாடத்தை முழுதாகப் பார்ப்போம். கடன் வாங்கிக் கழித்தல், பாடநூல் இனமாற்றம் என்று சொல்வது, 40 நிமிடம், 24 பிள்ளைகள்.

பொருள்: ஈர்க்குச்சி, ஒவ்வொன்றும் 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டியது. இரண்டு பேருக்கு ஒரு தொகுப்பு: பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட 6 கட்டு, தனிக்குச்சி 10. ஆக 70 குச்சி. 12 ஜோடிக்கு 840. முந்தின நாள் மாலை உட்கார்ந்து கட்டினால்தான் முடியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசையாக உதவுவார்கள். நுனியைத் தரையில் தேய்த்து மழுங்க வையுங்கள், கண்ணில் குத்தும். ரப்பர் பேண்டு 72 போதும் என்று கணக்கு வரும், 90 எடுத்துக்கொள்ளுங்கள். அறுந்துபோகும், சட்டைப்பைக்குள்ளும் போகும். ஒவ்வொரு தொகுப்பும் ஒரு பையில் இருக்கட்டும். கொடுப்பதும் திரும்ப வாங்குவதும் பையாகவே நடந்தால் இரண்டு நிமிடம். தனித்தனியாகக் கொடுத்தால் பத்து நிமிடம் தொலையும்.

முதல் 5 நிமிடம்: கரும்பலகையில் 48 – 23. இது கடன் வாங்காத கணக்கு. சிலேட்டில் போட்டுத் தூக்கிக் காட்டுவார்கள். 25 வராதவர்களின் பெயர் உங்கள் தாளில் ஏறும். அவர்களுக்கு இன்றைய பாடம் இன்னும் தயாராகவில்லை.

அடுத்த 10 நிமிடம்: பை கொடுப்பதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுங்கள். குச்சி கைக்கு வந்துவிட்டால் காது மூடிக்கொள்ளும். ‘52 குச்சி எடுத்து வையுங்கள்.’ ஐந்து கட்டு, இரண்டு தனி. ‘இதிலிருந்து 27 குச்சியை எனக்குக் கொடுங்கள்.’ இரண்டு கட்டு வந்துவிடும். ஏழு தனிக்குச்சி கேட்டால் இரண்டுதான் இருக்கும். இந்த இடத்தில் வாயைத் திறக்காதீர்கள். பத்துப் பதினைந்து விநாடி அமைதி. யாராவது ஒரு ஜோடி மூலையில் வைத்திருக்கும் மீதித் தனிக்குச்சியை எடுக்கும். அது 52-இல் சேராது என்று நினைவூட்டுங்கள். வேறொரு ஜோடி ‘பிரிக்கலாமா டீச்சர்?’ என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பாடமே. ‘பிரித்துப் பாருங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். கட்டு அவிழ்ந்ததும் தனிக்குச்சி 12, கொடுத்த இரண்டையும் சேர்த்துக் கட்டு நான்கு. இப்போது 27-ஐ எடுக்க முடியும், மீதி 25. இதே முறையில் 43 – 16, 50 – 24 இரண்டையும் செய்யட்டும். 50-இல் தனிக்குச்சியே இல்லை என்பதால் அதைக் கட்டாயம் சேருங்கள்.

அடுத்த 8 நிமிடம்: பைகளை வாங்கி வைத்துவிட்டு, குச்சியில் செய்ததைக் கரும்பலகையில் கோடுகளாக வரையுங்கள். பத்துக்கு நீண்ட கோடு, ஒன்றுக்குச் சின்னக் கோடு. ஒரு நீண்ட கோட்டை அடித்துப் பத்துச் சின்னக் கோடு. அதன் கீழே எண்கள்: 5-ஐ அடித்து 4, 2-க்கு மேல் 12. குச்சி, படம், எண் மூன்றும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தெரிய வேண்டும். நடுவிலுள்ள படத்தை விட்டுவிட்டு நேராக எண்ணுக்குத் தாவுவதுதான் இந்தப் பாடம் கெட்டுப்போகும் வழக்கமான இடம். ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொல்லிப் பழகியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கடன் என்றால் திருப்பித் தர வேண்டுமே, எப்போது தருவது என்று விவரமான பிள்ளை கேட்கும். கட்டைப் பிரிக்கிறோம் என்று சொன்னால் அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்து 10 நிமிடம் நோட்டில் நான்கு கணக்கு, நீங்கள் வரிசையினூடே நடக்க வேண்டிய நேரம். 5 நிமிடம் முடிவுச் சோதனை. கடைசி 2 நிமிடம் எடுத்து வைக்க.

முடிவுச் சோதனை மூன்றே கணக்கு, கால் தாளில்: 64 – 38, 57 – 23, 80 – 46. இந்த மூன்றும் தற்செயலாகப் போட்டவை அல்ல. மாலையில் தாள்களைப் பிரித்து அடுக்கினால் தவறுகள் தாமாகவே பேசும். முதல் கணக்குக்கு 34 என்று எழுதியவன் மேலே கீழே பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டான். அவனுக்குக் குச்சியே திரும்ப வேண்டும். 36 என்று எழுதியவன் பிரித்தான், ஆனால் பத்துகளில் ஒன்றைக் குறைக்கவில்லை. படத்தில் நீண்ட கோட்டை அடிக்க வைத்தால் சரியாகும். இரண்டாவது கணக்குக்கு 214 வந்தால், தேவையில்லாத இடத்திலும் பிரித்து, 14-ஐ அப்படியே எழுதியிருக்கிறான். மூன்றாவதற்கு 46 என்பவனும் 40 என்பவனும் பூஜ்யத்தைக் கண்டு மிரண்டவர்கள், ஒருவன் திருப்பிக் கழித்தான், மற்றவன் ‘பூஜ்யத்திலிருந்து போகாது, ஆகவே பூஜ்யம்’ என்று முடித்துவிட்டான். நாளைய பாடக்குறிப்பு இந்தத் தாள்களில் இருக்கிறது. ‘பாதிப் பேருக்குப் புரியவில்லை’ என்று பொதுவாக எழுதிவிட்டு அதே பாடத்தை அதே வழியில் உரக்கச் சொன்னால் அதே பாதிக்கு மறுபடியும் புரியாது.

கரும்பலகை

வகுப்பு முடிந்தபின் பலகையைக் கடைசி வரிசையில், பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். 20 அடி நீள அறையில் 5 செ.மீ.க்குக் குறைந்த எழுத்து பின்னாலிருக்கும் பிள்ளைக்கு ஒழுங்காகத் தெரியாது. மின்னட்டை (ஃபிளாஷ் கார்டு) எழுத்து 8 செ.மீ.யாவது இருக்கட்டும், கறுப்பு அல்லது கரும்பச்சை ஸ்கெட்ச், வெள்ளை அட்டை. மஞ்சள் ஸ்கெட்சில் எழுதிய சார்ட் கண்காட்சிக்கு அழகு, பாடத்துக்கு உதவாது.

புதுச் சாக்பீஸ் கிறீச்சிட்டால் பாதியாக உடையுங்கள். எழுதும்போது முழு முதுகையும் வகுப்புக்குக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று, ஒவ்வொரு வரிக்கும் ஒரு முறை திரும்புங்கள். நான்கு வரிக்கு மேல் எழுத வேண்டியிருந்தால் இடைவேளையிலேயே எழுதிவைப்பது நல்லது. இடப்பக்கம் தேதி, பாடத் தலைப்பு, அன்று கற்ற புதுச்சொற்கள் அழியாமல் நிற்கட்டும். நடுவில் செய்து காட்டும் இடம். அழிக்கும்போது மேலிருந்து கீழாக அழித்தால் தூள் குறைவாகப் பறக்கும்.

பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாமே கற்ற செயல்வழிக் கற்றல் முறை இருந்த காலத்தில் சுவரின் அடியில் போட்ட கீழ்மட்டக் கரும்பலகைகள் பல பள்ளிகளில் இன்னும் இருக்கின்றன. பயிற்சி ஆசிரியர்கள் அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கொஞ்சம் இடம் பிரித்துக் கொடுத்தால், சிலேட்டை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்க்காமல் நடந்துபோகும்போதே யார் என்ன எழுதுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

தனியாக நிற்கும் முதல் பீரியட்

பிள்ளைகள் உள்ளே வரும்போது வாசலில் நில்லுங்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் செய்ய ஒரு வேலை பலகையில் காத்திருக்க வேண்டும்: ‘இந்தப் படத்தில் உள்ள ஐந்து பொருளின் பெயரை எழுது.’ வாழ்த்து, வருகை, யார் வரவில்லை என்ற பேச்சு எல்லாம் அந்த வேலையோடு சேர்ந்தே நடக்கும்.

உங்களைப் பற்றி நீளமாக அறிமுகம் செய்ய வேண்டாம். பெயர், எத்தனை நாள் இருப்பீர்கள், எதற்குக் கைதூக்க வேண்டும், அவ்வளவுதான். விதிகள் மூன்றுக்கு மேல் போனால் யாருக்கும் நினைவிருக்காது.

கட்டளை கொடுக்கும் முறை தனிக் கலை. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. மூன்றாம் வகுப்பு முதல் இரண்டு. ‘நோட்டை எடுத்து, தேதி எழுதி, கோடு போட்டு, பக்கம் 32-இல் இருக்கிற கணக்கை எழுதி...’ என்றால் முதல் மேசை நோட்டை எடுக்கும்போது கடைசி மேசை எதையும் கேட்டிருக்காது. சொல்லுங்கள், செய்து காட்டுங்கள், பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளையை ‘இப்போ என்ன செய்யணும்?’ என்று திருப்பிச் சொல்ல வையுங்கள், பிறகு ‘ஆரம்பிங்க’. ‘எல்லோருக்கும் புரிஞ்சுதா?’ என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் எந்த வகுப்பும் ‘புரிஞ்சுது டீச்சர்’ என்றே கோரஸாகப் பதில் சொல்லும். அதைக் கேட்டுப் பயனில்லை.

கேள்வி கேட்டபின் மூன்று விநாடியாவது காத்திருங்கள். பயிற்சி ஆசிரியர் பலர் ஒரு விநாடியில் தாமே பதில் சொல்லிவிடுகிறார்கள், அல்லது முன்வரிசைக் கெட்டிக்காரியிடம் போய்விடுகிறார்கள். ஐஸ் குச்சிகளில் பெயர் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, கேள்வியைச் சொன்ன பிறகு ஒரு குச்சியை எடுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற 27 பேரும் ஓய்வெடுக்கப் போவார்கள்.

சத்தம், அடம், அடி

சத்தம் எல்லாமே குறும்பு ஆகாது. குச்சியோடு ஜோடியாக வேலை செய்யும் வகுப்பு சத்தமாகத்தான் இருக்கும். நான்கு பேர் நடுவில் நின்று கேட்டுப் பாருங்கள். பேச்சு கணக்கைப் பற்றி இருந்தால் விட்டுவிடுங்கள்.

அமைதி வேண்டும்போது ஒரே அடையாளம், எப்போதும் அதே. நீங்கள் தட்டும் தாளத்தை அவர்கள் திரும்பத் தட்டுவது எளிது. தட்டியபின் முழு அமைதி வரும்வரை பேசக் கூடாது. பாதி அமைதியில் பேசத் தொடங்கினால், அந்த அடையாளத்துக்கு மதிப்பில்லை என்று நீங்களே கற்பித்துவிடுகிறீர்கள். ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’ என்பது இரண்டு நிமிடம் தாங்கும், அதற்கு மேல் இல்லை. மேசையைத் தட்டி ‘சைலன்ஸ்!’ என்று கத்துவது உங்கள் குரலை இரண்டாம் வாரத்தில் கொண்டுபோய்விடும்.

ஒருவன் தொடர்ந்து இடைஞ்சல் செய்தால் வரிசை இது: பாடத்தை நிறுத்தாமல் அவன் பக்கத்தில் போய் நில்லுங்கள். போதவில்லை என்றால் மெல்லிய குரலில், பெயர் சொல்லி, செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள்: ‘மூணாவது கணக்கைப் போடு.’ அதற்குப் பிறகும் என்றால் இடம் மாற்றுங்கள். வகுப்பு முடிந்ததும் தனியாகப் பேசுங்கள். எல்லோர் முன்னும் வாக்குவாதத்தில் இறங்கினால் அவனுக்கு ரசிகர்கள் கிடைத்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள் வாக்கில் ஒரு குரல் வரும்: ‘எங்க மிஸ் அடிப்பாங்க, நீங்க அடிக்க மாட்டீங்களா?’ இது சோதனை. ‘மாட்டேன். ஆனா வேலை முடிக்காம விளையாடப் போக விடமாட்டேன்’ என்று சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. குட்டுவது, காதைத் திருகுவது, முட்டி போடவைப்பது, ‘மக்கு’ என்பது எல்லாம் அதில் அடங்கும். வகுப்பாசிரியரே பிரம்பை நீட்டி ‘இதை வெச்சுக்கோம்மா, இல்லன்னா அடங்க மாட்டாங்க’ என்றால், வாங்கி அலமாரி மேல் வைத்துவிடுங்கள். விவாதம் வேண்டாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான முதல் பீரியட் தூங்கி வழியும். கணக்கையும் புது எழுத்தையும் காலையில் வையுங்கள். மதியம் கதை, பொம்மலாட்டம், வெளியில் இலை சேகரிப்பது. கால அட்டவணையை மாற்ற உங்களுக்கு அதிகாரமில்லை என்றாலும் வகுப்பாசிரியரிடம் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்.

ஒரே அறையில் மூன்று வகுப்பு

விதி ஒன்றுதான்: எந்த நேரத்திலும் ஒரு குழு உங்களோடு, மற்ற இரண்டும் உங்களைக் கேட்காமல் செய்யக்கூடிய வேலையில். அந்த வேலை ஏற்கெனவே தெரிந்த ஒன்றாக இருக்க வேண்டும். புதியதைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் வரிசையாக உங்கள் முந்தானையையோ சட்டையையோ இழுப்பார்கள்.

40 நிமிடத்தை 12, 12, 12 என்று பிரித்து, மீதி நான்கை மாறுவதற்கு வையுங்கள். தொடக்கத்தில் முதல் வகுப்பை எடுங்கள். அவர்களுக்குத்தான் பொறுமை குறைவு. ஒவ்வொரு குழுவிலும் ஒரு தலைவர், வாரம் ஒருவர். சந்தேகம் வந்தால் முதலில் பக்கத்தில் உள்ளவர், பிறகு தலைவர், அதற்குப் பிறகுதான் டீச்சர். சீக்கிரம் முடிப்பவர்களுக்கு மூலையில் கதைப்புத்தகமோ சொல்லட்டையோ எப்போதும் இருக்கட்டும். வகுப்பு உடைவது பெரும்பாலும் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் நான்கு பேரால்தான்.

நான்கு, ஐந்தாம் வகுப்பில் மனவரைபடம் (நடுவில் தலைப்பு, சுற்றிலும் முக்கியச் சொற்களைக் கோட்டால் இணைத்த படம்) போடச் சொன்னால், நீங்களே பலகையில் அழகாக வரைந்து எல்லோரும் பார்த்தெழுதும் வேலையாக அது மாறிவிடக் கூடாது. பத்தியை வாசித்து, முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடிட்டு, அவரவர் வரைந்தபின் நால்வர் கூடித் தொகுக்கட்டும். கோணல்மாணலாகத்தான் வரும். வரட்டும்.

நோட்டுத் திருத்தம்

28 நோட்டையும் வீட்டுக்குத் தூக்கிப்போய் ‘பார்க்கப்பட்டது’ என்று கையெழுத்துப் போடுவதில் பலனில்லை. பிள்ளை எழுதும்போது பக்கத்தில் நின்று ஆறு பேருக்குத் திருத்தினால் அதில் கற்றல் நடக்கும். நாளுக்கு ஆறு பேர் என்று சுழற்சி வையுங்கள். ஒரு நோட்டில் ஒரு வகைத் தவறை மட்டும் எடுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்புச் சுழி வாங்கிய பிள்ளை எதையும் திருத்துவதில்லை. ‘நன்று’ என்று மட்டும் எழுதாமல் ‘இரட்டைக் கொம்பு எல்லாமே சரி’ என்று எழுதினால், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் வாசித்துக் காட்டலாம்.

மேற்பார்வைக்கு ஆள் வரும் நாள்

நிறுவனத்திலிருந்து விரிவுரையாளர் வரும் நாளுக்கென்று தனிப்பாடம் ஒத்திகை பார்க்காதீர்கள். பிள்ளைகள் விடையை முன்கூட்டியே சொல்லிக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். வழக்கமான பாடம், வழக்கமான பொருள். பாடக்குறிப்பு, கவனிப்புப் பதிவேடு, முடிவுச் சோதனைத் தாள்களின் அடுக்கு மூன்றையும் மேசையில் வையுங்கள். அந்த அடுக்கைக் காட்டி ‘இவர்களுக்கு இந்தத் தவறு, நாளை இப்படி எடுக்கப் போகிறேன்’ என்று சொல்வதைவிட நல்ல துணைக்கருவி கிடையாது. பாடம் பாதியில் சொதப்பினால் நிறுத்திவிட்டு வேறு வழியில் தொடங்குங்கள். பாடக்குறிப்பை விட்டுவிடக் கூடாது என்று பிடிவாதமாக ஓட்டுவதுதான் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

கருத்து கேட்கும்போது ‘எப்படி இருந்தது மேடம்?’ என்று கேட்டால் ‘பரவாயில்லம்மா’ என்பதோடு முடியும். ‘பின்வரிசைக்குக் குரல் கேட்டதா? குழு மாறும்போது எத்தனை நிமிடம் போனது?’ என்று குறிப்பாகக் கேளுங்கள்.

தாண்டக் கூடாத கோடுகள்

பிள்ளைகளின் புகைப்படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம். ஆவணத்துக்குத் தேவையென்றால் தலைமையாசிரியரின் அனுமதியோடு எடுத்து அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். வகுப்பில் போன் பைக்குள். பிள்ளையோடு தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டாம். மாத்திரை எதுவும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. பள்ளி நேரத்தில் யார் வந்து கேட்டாலும் வகுப்பாசிரியரின் ஒப்புதல் இல்லாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

ஒரு பிள்ளை வீட்டிலோ வெளியிலோ தன்னை யாரோ துன்புறுத்துவதாகச் சொன்னால் முழுதாகக் கேளுங்கள், துருவிக் கேள்வி கேட்காதீர்கள், ‘யாருக்கும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதி அன்றைக்கே தலைமையாசிரியரிடம் தெரிவியுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். பள்ளிக்குள் பேசி முடித்துவிடும் விஷயமல்ல அது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வி உதவி எண் 14417 இரண்டையும் வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் பார்க்கும் உயரத்தில் எழுதி ஒட்டுங்கள்.

ஒப்படைப்பு

பயிற்சி முடிவதற்கு ஒரு வாரம் முன்பே பிள்ளைகளிடம் நாளைச் சொல்லிவிடுங்கள். கடைசி நாள் சாக்லேட்டோடு திடீரென்று சொன்னால் முதல் வகுப்பு அழும், பாடம் நடக்காது. வாசிப்புச் சோதனையை அதே அட்டைகளால் மறுபடி செய்து, முதல் வாரம் எழுதிய தாளின் பக்கத்திலேயே புதியதைக் குறியுங்கள். ‘கெரடி’ இப்போது ‘கொடி’ ஆகியிருக்கிறதா என்பதை வகுப்பாசிரியருக்குக் காட்ட அதுவே போதும். அந்தத் தாளோடு, எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் நிற்கிறது என்ற ஒரு பக்கக் குறிப்பு, குச்சிப் பைகள் 12, மின்னட்டைகள், பீரோ சாவி எல்லாவற்றையும் எண்ணி ஒப்படையுங்கள். பதிவேடுகளில் தலைமையாசிரியர் கையெழுத்தையும் முத்திரையையும் அன்று மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள். மாலையில் அவர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குக் கிளம்பியிருப்பார்.